ஐக்கிய அமெரிக்காவிற் பிள்ளைப் பராமரிப்பும் அரசாங்க உதவியும்: லன்ஹம் சட்டக் காலத்தை மையமாகக் கொண்ட ஒரு நோக்கு

1939 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வரி மேன்முறையீட்டுச் சபையின் முன் ஒரு சிறு வழக்கு வந்தது. கணவன் மனைவி இருவரும் தொழில் புரிந்த குடும்பம் ஒன்று, தம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அமர்த்திய தாதியரின் சம்பளத்தைத் தொழிற் செலவாகக் கருதி வருமான வரியிலிருந்து கழிக்கவேண்டுமெனக் கோரியிருந்தது. தாதி இல்லையேல் மனைவி வேலைக்குச் செல்லுதல் இயலாது. வேலை இல்லையேல் அந்த வருமானமும் இல்லை. ஆகவே அச்செலவு வருமானத்தை ஈட்டுதற்குரிய செலவே என்பது அவர்தம் வாதம். சபை இதனை ஏற்கவில்லை. இவ்வாதத்தை ஒப்புக்கொண்டால் உண்ணும் உணவும் உடுக்கும் உடையும் கூடத் தொழிற் செலவாகிவிடும் என்றும், பிள்ளையைப் பேணுதல் குடும்பத்தின் தனிப்பட்ட விடயம் என்றும், தாய் வீட்டில் ஆற்றும் பணி ஊதியத்தை எதிர்பாராத பணி என்றும் அது தீர்ப்புக் கூறிற்று. 'சிமித் எதிர் வரி ஆணையாளர்' எனச் சட்ட மாணவர் இன்றும் படிக்கும் வழக்கு இதுவே.

இத்தீர்ப்பு வெளிவந்து நான்கு ஆண்டுகள் கழியுமுன்னர், அதே நாட்டின் அரசாங்கம் தொழில் புரியும் தாய்மாரின் பிள்ளைகளுக்காகத் தன் சொந்தப் பணத்தில் ஆயிரக்கணக்கான நிலையங்களை நடத்திக்கொண்டிருந்தது. மேலும் மூன்று ஆண்டுகள் செல்ல அந்நிலையங்களுக்கான பணம் நின்றுபோயிற்று. தனிப்பட்ட விடயம் பொது விடயமாகி, மீண்டும் தனிப்பட்ட விடயமான இவ்விரைவு எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராயும்போது, தாயைப் பற்றிய கருத்து மாறியமையைக் காட்டிலும் உழைப்புச் சந்தையின் தேவை மாறியமையே அதற்குக் காரணமென்பது புலனாகும்.

போருக்கு முன்னர் ஐக்கிய அமெரிக்காவில் வேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது தருமத்தின் பாற்பட்டதாகவே இருந்தது. 1854 இல் நியூயோர்க் நகரில் ஏழைப் பெண்களின் பிள்ளைகளுக்கென ஒரு காப்பகம் தொடங்கப்பட்டது. 1893 இல் சிக்காகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு மாதிரிப் பகற்காப்பகம் காட்சிக்கு வைக்கப்பட்டது. இவற்றை நடத்தியோர் செல்வக் குடும்பப் பெண்கள். பயன்பெற்றோர் துணி வெளுத்தும் வீடு துடைத்தும் பிழைத்த விதவைகளும் கணவனாற் கைவிடப்பட்டோரும். 1896 இல் உருவான கறுப்பினப் பெண்களின் தேசியச் சங்கம் மட்டும் சற்று வேறுபட்ட நோக்குடையதாயிருந்தது. கறுப்பினத் தாய்மாரில் மிகப் பலர் அடிமைக் காலந்தொட்டே வேலைக்குச் சென்றவர்கள். தாய் வேலைக்குச் செல்வதை ஒரு விபத்தாகக் கருத அவர்களால் இயலவில்லை. வெள்ளையினச் சீர்திருத்தவாதிகளோ அதனை விபத்தாகவே கருதினர். எனவே 1911 இல் இலினோய் மாநிலம் தொடங்கிவைத்த 'தாய்மார் உதவிப்பணம்' அவர்களுக்கு உவப்பாயிற்று. தாயை வீட்டிலே இருத்திவைக்கப் பணம் கொடுத்தல் என்பதே அதன் தத்துவம். 1920 அளவில் 40 மாநிலங்கள் இத்தகைய சட்டங்களை இயற்றியிருந்தன. உதவித்தொகையோ போதுமானதன்று, அதனைப் பெற்ற தாய்மாரிற் பலர் வேலைக்கும் சென்றனர். ஆயினும் கொள்கையளவில் அரசாங்கத்தின் நிலைப்பாடு வரையறுக்கப்பட்டுவிட்டது. 1935 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் அதே வழியிற் சென்றது.

பெருமந்தக் காலத்தில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. 1933 ஒக்ரோபரில் சமஷ்டி நிவாரண நிருவாகத்தின் தலைவர் ஹரி ஹொப்கின்ஸ் அவசரகாலப் பாலர் பாடசாலைகளை அமைக்க அனுமதி அளித்தார். நோக்கம் தாய்மாரை வேலைக்கு அனுப்புவதன்று. வேலையிழந்த ஆசிரியர், தாதியர், சமையலாளர் ஆகியோருக்கு வேலை கொடுப்பதே. பிள்ளைகள் நிவாரணம் பெறும் குடும்பங்களைச் சேர்ந்தோராயிருத்தல் வேண்டும். ஓரிரு ஆண்டுகளுள் சுமார் 75 ஆயிரம் பிள்ளைகள் இவற்றிற் சேர்ந்தனர். இவை பின்வந்த போர்க்கால நிலையங்களுக்குக் கட்டடங்களையும் பயிற்சிபெற்ற ஆசிரியரையும் வழங்கின. அதனோடு 'நிவாரணம்' என்ற மாசையும் வழங்கின என்பது பின்னர் தெளிவாகும்.

1940 ஒக்ரோபரில் நிறைவேறிய ஒரு சட்டம், ரெக்சாஸ் மாநிலப் பிரதிநிதி ஃபிறிற்ஸ் லன்ஹம் என்பாரின் பெயரால் வழங்கலாயிற்று. போர்த் தளவாடத் தொழிற்சாலைகள் எழுந்த ஊர்களுக்குத் திடீரெனக் குடிபெயர்ந்த தொழிலாளருக்கு வீடமைத்துக் கொடுப்பதே அதன் நோக்கம். 1941 இற் செய்யப்பட்ட திருத்தத்தின்படி பாடசாலை, மருத்துவமனை, நீர்வழங்கல், வடிகால் முதலியனவும் அதனுள் அடங்கின. பிள்ளைப் பராமரிப்பு என்ற சொல் அச்சட்டத்தில் எங்கும் இல்லை. 1942 இல், 'சமூக வசதிகள்' என்ற தொடருக்குப் பிள்ளைக் காப்பகமும் பொருளாகும் என்று நிருவாகிகள் வியாக்கியானம் செய்தனர். ஐக்கிய அமெரிக்க வரலாற்றில் வருமான எல்லை எதுவும் விதிக்காது, எல்லா வகுப்புப் பிள்ளைகளுக்கும் சமஷ்டி அரசாங்கம் உதவிய ஒரேயொரு பொதுப் பராமரிப்புத் திட்டம், காங்கிரசில் எவரும் விவாதித்து வாக்களியாமல், வடிகாலுக்கும் குடிநீருக்கும் ஒதுக்கப்பட்ட பணத்தினின்றும் பிறந்தது. பிறந்த வகையே அதன் பலவீனமுமாயிற்று.

தேவை இருந்ததென்பதில் ஐயமில்லை. 1940 இல் ஏறக்குறைய 1 கோடி 20 இலட்சமாயிருந்த பெண் தொழிலாளர் தொகை, 1945 அளவில் 1 கோடி 80 இலட்சத்தைத் தாண்டிற்று. புதிதாக வந்தவர்களிற் பெரும்பாலோர் மணமானவர்கள். போர்க்கால நகரங்களைச் சுற்றிப்பார்த்து எழுதிய பத்திரிகையாளர் அக்னஸ் மேயர், தொழிற்சாலை வாகனத் தரிப்பிடங்களிலே மோட்டார் வண்டிகளுட் பூட்டி வைக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிய செய்தியை நாட்டுக்கு அறிவித்தார். கழுத்திலே வீட்டுச் சாவியைக் கட்டித் தொங்கவிட்ட சிறுவர் பற்றிய பேச்சு எங்கும் எழுந்தது. ஆயினும் போர்க்கால ஆள்வலு ஆணைக்குழு 1942 இல் விடுத்த பணிப்புரை, சிறு பிள்ளைகளையுடைய பெண்ணின் முதற்கடமை வீடே என்றும், ஏனைய ஆள்வலு முற்றாகத் தீர்ந்த பின்னரே அத்தகையோரைத் திரட்டவேண்டுமென்றும் கூறிற்று. வேலைக்கு வருக என ஒரு கை அழைக்க, வீட்டுக்குச் செல்க என மறு கை தள்ளியது.

அரசாங்கத்தினுள்ளும் பிளவு இருந்தது. நிலையங்களுக்குப் பணம் வழங்கிய சமஷ்டி வேலைகள் முகவரகம் கட்டடம் கட்டுவோரின் தாபனம். பிள்ளைகள் நலத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து வந்த பிள்ளைகள் பணியகமோ, கேதரின் லென்றூட்டின் தலைமையில், குழு நிலையங்களைச் சந்தேகக் கண்கொண்டு நோக்கிற்று. கைக்குழந்தைகளை நிலையங்களில் வைத்தல் தகாதெனவும் தனி வீடுகளிற் பராமரிப்பதே நன்றெனவும் அது கருதியது. இத்திட்டத்தை வேலைகள் முகவரகத்தின் கையிலிருந்து எடுத்து மாநிலக் கல்வி, நலன்புரித் திணைக்களங்களூடாக நடத்தவேண்டும் என்ற மசோதா ஒன்றை யூற்றா மாநிலச் செனற்றர் எல்பர்ட் தோமஸ் கொண்டுவந்தார். 1943 இற் செனற் சபை அதனை நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபையில் அது கைகூடவில்லை. பிள்ளைகளை நன்கறிந்தோரிடம் பணம் இல்லை. பணம் இருந்தோர் பிள்ளைகளைப் பற்றி அறியார். இவ்விழுபறி நிலையங்களின் தொடக்கத்தைப் பல மாதங்கள் தாமதமாக்கிற்று.

செலவின் ஒரு பகுதியை உள்ளூர்ச் சமூகம் ஏற்றல் வேண்டும். அப்பகுதி பெரும்பாலும் பெற்றோர் செலுத்திய கட்டணத்தால் ஈடுசெய்யப்பட்டது. கட்டணம் பொதுவாக ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 சதம். பின்னர் 75 சதம் வரை உயர்ந்தது. மதிய உணவும் சிற்றுணவும் அதனுள் அடங்கும். நியூ மெக்சிக்கோ ஒழிந்த எல்லா மாநிலங்களும் இப்பணத்தைப் பெற்றன. உச்ச நிலையான 1944 யூலையில் மூவாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட நிலையங்களில் ஏறக்குறைய 1 இலட்சத்து 30 ஆயிரம் பிள்ளைகள் இருந்தனர். இளையோர் முழுநாளும் மூத்தோர் பாடசாலை முடிந்த பின்னரும் அங்கே தங்கினர். போர்க்காலம் முழுவதையும் சேர்த்தால் ஐந்தரை இலட்சத்துக்குக் குறையாத பிள்ளைகள் இவற்றாற் பயன்பெற்றிருப்பர். சமஷ்டி அரசாங்கம் செலவிட்டது 5 கோடி டொலருக்கு மேல். போருக்குச் செலவான தொகையோடு ஒப்பிடுகையில் இது கணக்கில் வராத தொகை. தேவையோடு ஒப்பிடுகையிலும் சிறிதே.

இங்கு ஒரு முரண் உண்டு. தேவை இவ்வளவாயிருந்தும் தொடக்கத்திற் பல நிலையங்களில் இடங்கள் நிரம்பவில்லை. தாய்மார் தம் பிள்ளைகளைப் பாட்டிமாரிடமும் அயலாரிடமுமே விட்டுச் சென்றனர். இதனைக் கண்ட எதிர்ப்பாளர், அமெரிக்கத் தாய் இத்தகைய நிலையங்களை விரும்பவில்லை என்று முடிபு கூறினர். அம்முடிபு பொருந்துவதன்று. நிலையம் வீட்டுக்கு ஒரு திசையிலும் தொழிற்சாலைக்கு மறு திசையிலும் இருந்தது. பெற்றோல் பங்கீட்டுக்கு உட்பட்டிருந்தது. பேருந்துகள் நெரிசல் மிக்கன. இரவு முறையில் வேலை செய்பவளுக்கு மாலையில் மூடும் நிலையத்தாற் பயனில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையை நிலையம் ஏற்காது. இரண்டு பிள்ளைகளையுடையவளுக்கு நாளொன்றுக்கு ஒரு டொலர் சிறு தொகையுமன்று. இவற்றோடு நிவாரணப் பாடசாலை என்ற பழைய பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. தெற்கு மாநிலங்களில் நிலையங்கள் நிறத்தின்படி பிரிக்கப்பட்டிருந்தமையாற் கறுப்பினத் தாய்மாருக்குக் கிடைத்தவை எண்ணிக்கையிற் குறைந்தன.

தாய்மாரின் தயக்கம் விருப்பின்மையன்று என்பதற்குச் சான்று ஒறிகன் மாநிலத்தின் போட்லண்ட் நகரில் உளது. அங்கே கைசர் கம்பனியின் கப்பல் கட்டுந் தளங்களில் பெருந்தொகைப் பெண்கள் வேலை செய்தனர். எலினோர் ரூஸ்வெல்ட் அம்மையாரின் தூண்டுதலும் சேர, 1943 நவம்பரில் இரு நிலையங்கள் திறக்கப்பட்டன. இவை லன்ஹம் பணத்தில் நடந்தவையல்ல. கட்டடச் செலவை ஐக்கிய அமெரிக்கக் கடல்சார் ஆணைக்குழு ஏற்றது. நடத்தும் செலவு கப்பலின் விலையோடு சேர்க்கப்பட்டது. எனவே இறுதியில் அதுவும் அரசாங்கப் பணமே. பிள்ளை உளவியலில் அறிஞரான லோயிஸ் மீக் ஸ்ரோல்ஸ் நெறிப்படுத்த, ஜேம்ஸ் ஹைம்ஸ் முகாமை செய்தார். நிலையங்கள் தளத்தின் நுழைவாயிலிலேயே அமைந்தன. வட்ட வடிவான கட்டடம், நடுவே விளையாட்டு முற்றம், சுற்றிலும் அறைகள், பெற்றோர் வேலை செய்யும் தளத்தைப் பிள்ளைகள் பார்க்கத்தக்க சாளரங்கள். பதினெட்டு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். வேலை முறைகள் எத்தனையோ அத்தனைக்கும் இரவு பகலாக நிலையம் திறந்திருந்தது. சுகவீனமுற்ற பிள்ளைக்கெனத் தாதியரோடு கூடிய தனியறை இருந்தது. வேலை முடிந்து களைத்துவரும் தாய், பிள்ளையோடு கூடவே சமைத்த இரவுணவையும் விலைக்கு வாங்கிச் செல்லலாம். வாரத்துக்கு 5 டொலர். அடுத்த பிள்ளைக்கு 3 டொலர் 75 சதம். இவ்விரு நிலையங்களும் மூடப்படும்வரை அவற்றிற் சேர்ந்த பிள்ளைகள் சுமார் நாலாயிரம் பேர். தாயின் நாளை அறிந்து வகுக்கப்பட்ட நிலையத்துக்குத் தாய்மார் வந்தனர்.

எனினும் கைசர் நிலையங்களை ஒரு முதலாளியின் கருணையாகக் கொள்ளுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. தாய் ஒருநாள் வராவிடில் கப்பல் ஒருநாள் பிந்தும் என்ற கணக்கே அங்கு ஆட்சி செய்தது. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் வாழ்ந்தோர் நன்கறிந்த 'பிள்ளைக் காம்பரா'வை இவ்விடத்து நினைவுகூர்தல் தகும். கொழுந்து பறிக்கப் பெண்ணின் விரல்கள் இன்றியமையாதனவாயிருந்த அத்தோட்டங்களில், தாய் வேலைக்குச் செல்வது தகுமா தகாதா என்ற விவாதத்தை எந்தத் துரையும் எழுப்பியதில்லை. பிள்ளையை விடுவதற்கோர் இடம் மலைக்கு மலை ஏற்பட்டது. அவ்விடத்தின் தரம் யாதாயிருந்தது என்பது வேறு கதை. தாய்மையின் புனிதம் பற்றிய பேச்சு, பெண்ணின் உழைப்பு வேண்டப்படாத இடத்திலேயே ஓங்கி ஒலிக்கின்றது என்பதற்கு இரு நாடுகளின் வரலாறும் சான்றாகும்.

1945 ஓகஸ்டில் யப்பான் பணிந்தது. அம்மாதத்திலேயே, நிலையங்களுக்கான பணம் ஒக்ரோபர் முடிவில் நிறுத்தப்படும் என்ற அறிவித்தல் வந்தது. போட்லண்ட் நிலையங்கள் செப்தெம்பர் தொடக்கத்திலேயே கதவடைத்தன. ஆனால் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்கள், பல நூறு தந்திகள், கையொப்பமிட்ட மனுக்கள் ஆகியன வாஷிங்ரனை அடைந்தன. எழுதியோரிற் பலர் போரில் மாண்டோரின் மனைவியர். கணவன் இன்னும் திரும்பாதோர். உடலூனமுற்றுத் திரும்பிய கணவனுக்கும் சேர்த்து உழைத்தோர். போர் முடிந்தது அவர்களுக்கு வாழ்வின் முடையை முடித்துவைக்கவில்லை. சனாதிபதி ட்ரூமன் காங்கிரசிடம் மேலதிகப் பணம் கோரிப் பெற்றார். 1946 பெப்ருவரி இறுதிவரை ஆயுள் நீண்டது. அதற்குமேல் நீளவில்லை. போர்த் தேவை என்ற ஒரே காலில் நின்ற திட்டம், அக்கால் போனதும் விழுந்தது. குடும்பத்தின் தேவை என்றோ பிள்ளையின் உரிமை என்றோ அதற்கு மறுகால் அமைக்க எவரும் முயன்றிருக்கவில்லை.

கலிபோர்ணியா மட்டும் பெருமளவில் விதிவிலக்காயிற்று. அங்கே தாய்மாரும் நிலைய ஆசிரியரும் ஒன்றுகூடி மாநிலத் தலைநகரான சக்கிறமென்ரோவுக்கு ஆண்டுதோறும் சென்று வாதாடினர். 1946 முதல் மாநில அரசாங்கம் தன் பணத்தில் நிலையங்களை நடத்திற்று. ஒவ்வோர் ஆண்டும் நீடிப்பதா இல்லையா என்ற அச்சத்தோடு பதினொரு ஆண்டுகள் கழிந்தன. 1957 இல் அவை நிரந்தரமாயின. ஆயினும் அதற்குக் கொடுத்த விலை உண்டு. வருமான எல்லை புகுத்தப்பட்டது. எல்லோருக்குமுரிய நிலையம் வறியோருக்குரிய நிலையமாகச் சுருங்கிற்று.

லன்ஹம் நிலையங்களின் நெடுங்காலப் பயனை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொருளியலாளர் கிறிஸ் ஹேர்ப்ஸ்ற் ஆராய்ந்து 2017 இல் வெளியிட்டார். அதிகம் செலவிட்ட மாநிலங்களில் தாய்மாரின் தொழில் உயர்ந்ததோடு, அப்பிள்ளைகள் வளர்ந்தபின் கல்வியிலும் வருவாயிலும் மேம்பட்டிருந்தனர் என்பதும், வறிய குடும்பத்துப் பிள்ளைகளே அதிகம் பயனடைந்தனர் என்பதும் அவர் கண்ட முடிபுகள். நிலையங்கள் மூடப்பட்டு எழுபது ஆண்டுகளின் பின் கிடைத்த சான்று இது. மூடியவர்கள் இத்தகைய சான்று எதனையும் தேடவில்லை.

நிலையங்கள் மறைந்தபின் உதவி வேறொரு வடிவெடுத்தது. 1954 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், சிமித் வழக்கின் தீர்ப்பை ஓரளவு புரட்டி, பிள்ளைப் பராமரிப்புச் செலவில் ஆண்டுக்கு 600 டொலர் வரை கழிக்க இடமளித்தது. தொழில் புரியும் மனைவியாயின் இருவர் வருமானமும் 4,500 டொலரைத் தாண்டுமளவுக்கு அக்கழிவு குறைந்துகொண்டே செல்லும். தேவை காரணமாக வேலைக்குச் செல்பவளுக்கு மட்டுமே இரக்கம் என்ற பழைய தரும நோக்கு இங்கு வரிச்சட்டத்தின் மொழியில் மீண்டும் தோன்றிற்று.

1971 இல் இரு வழிகளும் ஒரே வாரத்தில் மோதிக்கொண்டன. செனற்றர் வோல்டர் மொன்டேலும் பிரதிநிதி ஜோன் பிறடமசும் முன்னின்று கொண்டுவந்த முழுமையான பிள்ளை வளர்ச்சி மசோதா காங்கிரசின் இரு சபைகளிலும் நிறைவேறியது. வறியோருக்கு இலவசமாகவும் ஏனையோருக்கு வருமானத்துக்கேற்ற கட்டணத்துடனும் நாடு தழுவிய நிலையங்களை அமைப்பது அதன் திட்டம். வாழ்வின் முதல் ஐந்து ஆண்டுகள் தேசத்தின் பொறுப்பு என 1969 இற் கூறியிருந்த சனாதிபதி நிக்சன், 1971 டிசம்பர் 9 ஆம் திகதி அதனை இரத்துச் செய்தார். செலவு மிகை, நிருவாகம் இயலாது என்பன கூறப்பட்ட காரணங்களுட் சில. குடும்பத்தைச் சார்ந்த வளர்ப்புக்கு எதிராகக் கூட்டு வளர்ப்பின் பக்கம் அரசாங்கம் சாயலாகாது என்பதே ஓங்கி ஒலித்த காரணம். பனிப்போர்க் காலத்தில் 'கூட்டு' என்ற சொல் யாரைச் சுட்டிற்று என்பதை விளக்கவேண்டியதில்லை. இரத்தை முறியடிக்கச் செனற் சபையில் எடுத்த வாக்கெடுப்பில் 51 பேர் ஆதரவாகவும் 36 பேர் எதிராகவும் வாக்களித்தனர். மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. மறுநாள் டிசம்பர் 10 ஆம் திகதி, அதே சனாதிபதி வருமான வரித் திருத்தச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அதன்படி பராமரிப்புச் செலவுக் கழிவு மாதத்துக்கு 400 டொலராக உயர்ந்தது. அரசாங்கம் குடும்பத்துட் புகலாகாதென்றவர், வரிப்படிவத்தின் வழியாகப் புகுவதை ஆட்சேபிக்கவில்லை.

1976 இல் இக்கழிவு வரிக்குறைப்பாக மாற்றப்பட்டது. செலவில் 20 வீதம், ஒரு பிள்ளைக்கு 400 டொலர் வரை, இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர்க்கு 800 டொலர் வரை வரியிலிருந்து குறைக்கப்படும். வரி செலுத்துமளவு வருமானமில்லாத தாய்க்கு இதனால் ஒரு சதமும் கிடையாது. 2021 ஆம் ஆண்டில் மட்டும், பெருந்தொற்றுக் கால உதவியின் ஒரு பகுதியாக, வரி செலுத்தாதோருக்கும் அது பணமாக வழங்கப்பட்டது. வறியோருக்கென 1990 இல் மாநிலங்களுக்கான ஒரு தொகுதி மானியம் ஏற்படுத்தப்பட்டது. தாய் தான் தெரிந்த நிலையத்துக்குச் செலுத்தத்தக்க சான்றுச்சீட்டு அவளுக்கு அதன்மூலம் கிடைக்கும். 1996 இன் நலன்புரிச் சீர்திருத்தம் அம்மானியத்தை விரித்தது. நிவாரணம் பெறும் தாய் வேலைக்குச் சென்றே தீரவேண்டும் என்ற நிபந்தனையோடு அது வந்தது. 1911 இல் தாயை வீட்டில் இருத்தக் கொடுத்த பணம், 1996 இல் அவளை வீட்டிலிருந்து வெளியேற்றக் கொடுக்கப்பட்டது. மானியம் உரிமையன்றாகையால், ஒதுக்கிய பணம் தீர்ந்தவிடத்துத் தகுதியுடையோரும் காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றனர்.

இவற்றுக்கிடையே, அதிகம் பேசப்படாத ஒரு சட்டம் 1989 இல் நிறைவேறியது. 1973 இற் கட்டாயப் படைச்சேவை ஒழிந்தபின் ஐக்கிய அமெரிக்கப் படை தொண்டரையே நம்பவேண்டியதாயிற்று. தொண்டராக வந்தோர் மணமானவர்கள். பெண்களும் அவருள் அடங்குவர். படைமுகாம்களின் பிள்ளைக் காப்பகங்களோ சீர்கெட்டிருந்தன. இராணுவப் பிள்ளைப் பராமரிப்புச் சட்டம் அவற்றைச் சீர்செய்தது. பெற்றோரின் வருமானத்துக்கேற்பக் கட்டணம், பராமரிப்போருக்குப் பயிற்சியோடு இணைந்த சம்பள உயர்வு, முன்னறிவித்தலற்ற சோதனைகள் ஆகியவற்றோடு, பெற்றோர் செலுத்தும் கட்டணத்துக்கு ஈடான தொகையையேனும் அரசாங்கம் இடவேண்டுமெனவும் அது விதித்தது. மொன்டேலின் மசோதாவில் இருந்தவற்றிற் பல இவற்றுள் உள. இம்முறை இரத்துச் செய்ய எவரும் முன்வரவில்லை. 1997 இற் சனாதிபதி கிளின்ரன், இந்நிலையங்களின் அனுபவத்தைக் குடிமக்களின் நிலையங்களுக்குக் கற்றுக்கொடுக்குமாறு பாதுகாப்புத் திணைக்களத்தைப் பணித்தார்.